மீசை வைத்த நோர்மன்

அத்தியாயம் நான்கு

செத்து ஐந்நூற்றைம்பது வருடமான ஒரு பிரபுவுக்கு மீசை வைத்துவிட்டான் என்று ஒரு யாழ்ப்பாணத்தான் மேல் குற்றம் சாட்டப்படுவது உலகத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கும் என்று கனகரத்தினம் நினைத்தார். நினைத்ததை வாய்விட்டும் சொன்னார். எதிர் இருக்கையில் இருந்த ஹரிஷா சிரிக்கவில்லை. சுவிஸ் மலைப்பள்ளத்தாக்கான எங்கடினுக்கு ஏறும் சிவப்பு ரெயிலின் ஜன்னலுக்கு வெளியே ஒக்டோபர் மாதத்து மலைச்சரிவு முழுதும் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. அவள் அதைப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

ஹரிஷாவுக்கு முப்பத்துநான்கு வயது. பீலில் பிறந்தவள். காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்யான நட்டஈட்டுக் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இப்போது ஓர்லிகோனில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இரண்டு அறையில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். கனகரத்தினம், ஜேர்மனும் பிரெஞ்சும் பேசும் பீல் நகரத்தில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். முதுகு மறுத்த பிறகு அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அவள் கதைக்காத இடங்களில் எல்லாம் கதைப்பது அவருடைய வேலை. ஆகவே அவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி சிவநேசன், எங்கடினில் ஒரு பழைய ஹோட்டலில் ஹவுஸ்வார்ட்டாக இருக்கிறான். கொதிகலன் முதல் கதவுப்பூட்டு வரை கட்டடம் முழுதும் அவன் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன்னர் ஹோட்டல் நூலகத்துக்குள் போன ஆங்கிலேய விருந்தினர் இரண்டுபேர், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய தோல் ஏட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஏட்டின் ஓரத்தில் வரையப்பட்டிருந்த குதிரைவீரனுக்கு, முதல்நாள் வரை மழுமழுவென்றிருந்த மேலுதட்டில், கன்னங்கரேலென்று மீசை. பெட்டிப் பூட்டின் திறப்பு சிவநேசனிடம் மட்டுமே இருந்தது. மீசையும் ஹோட்டலில் சிவநேசனுக்கு மட்டுமே இருந்தது.

ஹோட்டல் உரிமையாளர் ஹெர் டி மார்வில், அந்தக் குதிரைவீரனின் வழித்தோன்றல். இதை நாசவேலை என்று அவர் அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டார். மனேஜர் வியாழக்கிழமை நாலு மணிக்குப் பொலிசுக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்புவதாக முடிவாயிற்று. அடுத்தநாள் வெள்ளி மாலை, பத்தொன்பது வருடம் காத்திருந்த சிவநேசன் ஊர்ச்சபையின் குடியுரிமைக் குழுவுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். பொலிஸ் முறைப்பாடு ஒன்று இருந்தால் நிற்பதில் பயனில்லை. குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர் ஹெர் டி மார்வில்.

இன்று வியாழன். ரெயிலை விட்டு இறங்கியபோது மணி ஒன்றரை.

*

வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவர்களுக்குக் கோப்பிக்குப் பதிலாக ஒரு சிறிய புத்தகத்தைக் கொடுத்தாள். எல்லா அறைகளிலும் பைபிளுக்குப் பக்கத்தில் இது இருக்குமாம். எழுதியவர் ஹெர் டி மார்வில். 'அயர்லாந்தில் முந்நூறு ஆண்டுகள், கலப்பின்றி' என்று அட்டையில் இருந்தது. மனேஜருக்காகக் காத்திருந்த நேரத்தில் கனகரத்தினம் அதைப் படித்து முடித்தார். பஸ்காரருக்குக் கால அட்டவணை படித்த பழக்கம். முக்கியமானது எந்த வரியில் இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கதை இவ்வளவுதான். 1171இல் வோல்டர் டி மார்வில் என்றொருவன் இங்கிலாந்து அரசனின் படையோடு அயர்லாந்தில் போய் இறங்குகிறான். ஊர் நோர்மண்டி, பேச்சு பிரெஞ்சு, அரசன் இங்கிலாந்துக்காரன். தான் எந்த நாட்டான் என்பது அவனுக்கே தெளிவாக இருந்திருக்காது. ஓர் ஐரிஷ் தலைவனை அடித்துத் துரத்திவிட்டு அவனுடைய நிலத்தில் கோட்டை கட்டுகிறான். அவனைப் போலவே வந்த மற்ற நோர்மன் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கத் தொடங்குகின்றன. ஐரிஷ்காரிகளைக் கலியாணம் செய்கிறார்கள். பெற்ற பிள்ளைகளை ஐரிஷ் வீடுகளில் வளர்க்கக் கொடுக்கிறார்கள். ஐரிஷில் பேசுகிறார்கள், பெயரையும் மாற்றுகிறார்கள், சேணம் போடாமல் குதிரை ஏறுகிறார்கள். 1366இல் இவை எல்லாவற்றையும் தடுத்துச் சட்டம் வருகிறது. ஒருவரும் சட்டை செய்யவில்லை. 1447இல் இன்னொரு சட்டம்: தன்னை ஆங்கிலேயனாக மதிக்கவேண்டும் என்று நினைக்கிறவன் மேலுதட்டில் மயிர் வைத்திருக்கக் கூடாது, இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது மழிக்கவேண்டும், மீசையோடு பிடிபட்டால் அவன் ஐரிஷ் எதிரி.

அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: 'டி மார்வில் குடும்பத்துக்கு அந்தச் சட்டம் தேவைப்படவே இல்லை.'

கனகரத்தினம் தன் மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார்.

"முந்நூறு வருசம் ஒரு ஊரில இருந்து ஒரு சொல்லும் ஒட்டேல்லையாம், பிள்ளை. நான் பீலுக்கு வந்து மூண்டு கிழமையில ரெண்டு பாசையிலயும் தூசணம் பழகினனான்."

ஹரிஷா புத்தகத்தை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தாள். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நூலகம் நடைவழியின் கடைசியில் இருந்தது. நடைவழிச் சுவர் முழுக்க நீர்வண்ண ஓவியங்கள். ஹெர் டி மார்விலின் பொழுதுபோக்கு என்று மனேஜர் சொன்னாள். நூலகத்து ஜன்னலோரம் இருந்துதான் வரைவாராம். சிவநேசனிடம் வாங்கிய திறப்பால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டு, நாலு மணியை நினைவூட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஏடு 1460களில் எழுதப்பட்ட ஒரு காணிப் பத்திரம். ஓரத்தில் உள்ளங்கை அளவில் குதிரை. மேலே ரேமண்ட் டி மார்வில் பிரபு. ரோசாக் கன்னம், சிறிய வாய். வாய்க்கு மேலே தொடங்கி இரண்டு பக்கமும் தாடை வரை இறங்கும் மீசை.

ஆளுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது என்பது கனகரத்தினத்தின் கருத்து. அதைச் சொல்லத் திரும்பியபோது ஹரிஷா அசையாமல் நிற்பதைக் கண்டார். இது தொடங்கிவிட்டால் அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இதுவரை கண்ட அதிகபட்சம் பதினாலு நிமிடம். இன்று ஏழு நிமிடத்தில் முடிந்தது.

"நேசன் அண்ணையைப் பாப்பம்," என்றாள்.

*

சிவநேசன் கொதிகலன் அறையில் ஒரு குழாயை இறுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அத்தானைக் கண்டதும் கண் கலங்கினான். தான் மீசை கீறவில்லை என்றான். ஹரிஷா எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதில். திங்கட்கிழமை நூலகத்தில் என்ன வேலை என்று கேட்டதற்கும் தான் மீசை கீறவில்லை. வேறு யாராவது உள்ளே வந்தார்களா என்று கேட்டதற்கும் தான் மீசை கீறவில்லை.

படியேறும்போது கனகரத்தினம் வெற்றியோடு பார்த்தார். ஆள் பொய் சொல்கிறவன் இல்லை என்று அவர் முதலே சொன்னவர்.

"ஓம். பொய் சொல்லேல்லை," என்றாள் ஹரிஷா. "ஆனா பெட்டியைத் திறக்கேல்லை எண்டும் அவர் ஒருக்காலும் சொல்லேல்லை."

கனகரத்தினம் ஏறிய படியில் ஒன்று திரும்ப இறங்கினார்.

நூலகத்துக்குத் திரும்பியதும் அவள் ஜன்னலோரம் போய்விட்டாள். அவர் முதுகுவலிக்கு ஆறுதலாக ஒரு நாற்காலியில் இருந்து, கைக்கு எட்டிய தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். பறவைகளைப் பற்றியது. அட்டையைத் திறந்தவர் மூக்கைச் சுருக்கினார். பிறகு கண்ணையும்.

முன்னட்டையின் உட்புற மூலையில், மேலிருந்து கீழாக, வரிசையாகச் சிறு மஞ்சள் பொட்டுகள். மேலே உள்ளவை மங்கியவை. கடைசிப் பொட்டு புதியது. எண்ணிப் பார்த்தார். பதினொன்று. அடுத்த புத்தகத்திலும் பதினொன்று. நாலு வருடத்துக்கு முன் அச்சான ஒரு வழிகாட்டியில் ஐந்து. போன மாதம் வாங்கிய ஒரு சமையல் புத்தகத்தில் ஒன்றே ஒன்று, நல்ல வாசனையோடு.

சந்தனம்.

சிவநேசன் இந்த ஹோட்டலுக்கு வந்து பதினொரு வருடம். போன திங்கட்கிழமை சரசுவதி பூசை. வீட்டில் பிள்ளைகளின் கொப்பிக்குச் சந்தனம் வைக்கிற ஒருவன், அறுநூறு புத்தகம் தன் பொறுப்பில் இருக்கும்போது அவற்றைச் சும்மா விடுவானா? அதிலும் ஒரு ஒழுங்கு. யார் கண்ணிலும் படாமல், ஒரே மூலையில், வருடத்துக்கு ஒன்று. மரத்தை வெட்டி வயது பார்ப்பதுபோல் இந்த நூலகத்தின் வயதைப் பார்க்கலாம்.

கனகரத்தினம் எழுந்து கண்ணாடிப் பெட்டியண்டை போய்க் குனிந்தார். ஏட்டின் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு. ஒன்றே ஒன்று.

அவர் பறவைப் புத்தகத்தை மெல்ல மூடினார். அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தனக்குப் பசிக்கிறது என்று சொன்னால் என்ன என்று யோசித்தார். ஹரிஷாவுக்கு இந்தப் பூசை புனஸ்காரம் ஒன்றும் தெரியாது. அவள் வீட்டில் சரசுவதி என்பது ஒரு மாமியின் பெயர். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் தன் மைத்துனனைத் தானே பிடித்துக் கொடுத்தவர் ஆவார். வீட்டில் அதற்குப் பிறகு சோறு கிடைக்காது.

நிமிர்ந்தபோது அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளிடம் உள்ள பிழை. கேட்டால் சமாளிக்கலாம்.

ஒரு நிமிடம் தாங்கினார். பிறகு புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

*

இரண்டாம் தடவை சிவநேசன் குழாயை இறுக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். பெட்டியின் திறப்பு முன்பெல்லாம் மனேஜரிடம் இருந்தது. இந்த வசந்தத்தில்தான் அவனிடம் வந்தது. அறுநூறு புத்தகத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, அவை எல்லாவற்றுக்கும் மூத்த ஒன்றை விட அவனுக்கு மனம் வரவில்லை. மூலையில் வைத்தான். விரலில் மிஞ்சியிருந்த சந்தனம் ஒரு சொட்டு, குதிரைக்காரரின் முகத்தில் விழுந்தது. பயத்தில் பஞ்சுத்துணியை ஈரமாக்கி, ஒரே ஒரு தரம் ஒற்றித் துடைத்தான். சந்தனம் போயிற்று. அந்த இடத்தில் கறுப்பாக வந்தது.

"மை கரைஞ்சு பரவிட்டுது எண்டு நினைச்சன் அத்தான். நான் கீறேல்லை. ஆனா நான்தான் பழுதாக்கினனான்."

பத்தொன்பது வருடத்தில் அவன் பழுதாக்கிய முதல் சாமான் இதுவாம்.

மேலே வரும்வழியில் கனகரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். மணி மூன்றேகால். வாடிக்கையாளரே குற்றவாளி என்பது துப்பறியும் தொழிலில் மதிப்பான முடிவாக இருக்கலாம். ஆனால் இந்த வாடிக்கையாளரின் மகள் பெரியபிள்ளையாகி, வரும் தையில் சாமத்தியச் சடங்கு. மண்டபத்தில் எல்லாச் சனத்துக்கும் நடுவே என்ன முகத்தோடு போய் இருப்பது? மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் காலில் விழச் சொல்லலாமா என்று கடைசியாகக் கேட்டார்.

ஹரிஷா நடைவழியில் நின்றுவிட்டாள்.

"ஈரத்துணியால துடைச்சா இருக்கிறது போகும் அங்கிள். இல்லாதது முளைக்காது."

அவர் அதை இரண்டு தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மை கரைந்து பரவினால் அது கறையாகத்தான் இருக்கும். கறைக்கு இரண்டு பக்கமும் சமமாக, தாடை வரை, நுனி முறுக்கிக்கொண்டு இறங்கத் தெரியாது. அப்படியானால் மீசை முதலே அங்கே இருந்திருக்கிறது. அதன்மேல் இருந்த ஏதோ ஒன்றைத்தான் சிவநேசன் துடைத்திருக்கிறான்.

"சுவரில எத்தினை படம் இருக்குது எண்டு எண்ணுங்கோ," என்றாள் அவள். "ஆக்கள் இருக்கிற படம் எத்தினை எண்டும் பாருங்கோ."

எண்ணினார். இருபத்தாறு படம். மலை, மலை, ஏரி, மலை. எல்லாம் உச்சிவெயில், நீலமும் வெள்ளையும். ஒரு மனிதப்பிறவி இல்லை. ஒரு மாடுகூட இல்லை.

அவர் திரும்பிவந்தபோது அவள் நூலகத்து ஜன்னலோர மேசையில் இருந்த வண்ணப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். பன்னிரண்டு சிறிய கட்டிகள். நீலம் பாதி தேய்ந்திருந்தது. மற்றவை பெரும்பாலும் புதிதாகவே இருந்தன. ஒன்று மட்டும் அடியில் தகரம் தெரியும்வரை வழித்து எடுக்கப்பட்டிருந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த மிச்சத்தை அவர் கிட்டப் பார்த்தார். வெளிறிய ரோசா. வெள்ளைக்காரனின் தோல் நிறம்.

*

ஹெர் டி மார்வில் மூன்றரைக்கு நூலகத்துக்கு வந்தார். எழுபத்துநாலு வயது, நெடிய உருவம், அன்று காலையில் மட்டுமல்ல மத்தியானமும் ஒருதரம் சவரம் செய்ததுபோன்ற முகம். தனக்கு நேரமில்லை என்றார். குடும்பத்தின் மானம் பற்றி ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். அயர்லாந்தில் இருந்து எல்லாவற்றையும் இழந்து வெளியேறியபோதும் தாங்கள் யாராக வந்தார்களோ அப்படியே வெளியேறினார்கள் என்றார். ஒரு நாட்டுக்கு வருகிறவன் அந்த நாட்டின் பொருட்களை மதிக்கப் பழகவேண்டும் என்று சிவநேசனைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். எந்த நாட்டின் பொருள் என்று கேட்கக் கனகரத்தினத்தின் நாக்கு துடித்தது. ஹரிஷா கையைக் காட்டி மறித்தாள்.

அவள் வண்ணப்பெட்டியைத் தூக்கி அவருக்கு முன்னால் வைத்தாள். பெட்டியைத் திறந்தாள். அதற்குப் பக்கத்தில் புத்தகத்தைத் தடித்த எழுத்துப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"உங்கள் படங்கள் இருபத்தாறையும் பார்த்தோம், ஹெர் டி மார்வில்," என்றாள் ஜேர்மனில். "முகமே வரையாத ஒருவருக்கு முகத்தின் நிறம் எப்படித் தீர்ந்தது?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கனகரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் கிழவர் இது அவமானம் என்றார். மூன்றாம் நிமிடத்தில் மனேஜரைக் கூப்பிடப்போவதாகச் சொன்னார், கூப்பிடவில்லை. ஐந்தாம் நிமிடத்தில் நாற்காலியை இழுத்து இருந்தார். வெளியே ஏதோ ஒரு ரெயில் வந்து போயிற்று. எட்டாம் நிமிடத்தில், முதலில் தன் தகப்பன்தான் அதைச் செய்தவர் என்றார்.

அவருக்கு இருபது வயதானபோது தகப்பன் அவரை இந்த அறைக்குக் கூட்டிவந்து தூரிகையைக் கையில் கொடுத்திருக்கிறார். நீர்வண்ணம் நெடுநாள் நிற்காது; குளிர்காலத்து வெப்பமூட்டியில் உதிர்ந்துவிடும். வருடா வருடம் வசந்தத்தில், விருந்தினர் வருவதற்கு முன், ஏட்டைத் தூசி தட்டுவதாகச் சொல்லித் திறப்பை வாங்கி, பிரபுவின் மேலுதட்டுக்கு ஒரு பூச்சு. ஐம்பத்துநாலு வருடம். செவ்வாய்க்கிழமை அவர் முதலில் கண்டிருந்தால் கதவைப் பூட்டிவிட்டுப் பூசியிருப்பார். ஆங்கிலேயர்கள் முந்திவிட்டார்கள். அவர்கள் சிரித்தபோது வாயில் வந்தது நாசவேலை என்ற சொல். வந்த சொல்லுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

கனகரத்தினத்தால் அதற்கு மேல் முடியவில்லை. 1447இல் இருந்து அந்தக் குடும்பத்துக்குச் சவரம் செய்கிற பொறுப்பைக் கடைசியில் தனியாளாகச் சுமந்தவர் என்ற முறையில் ஐயாவுக்குத் தன் அனுதாபங்கள் என்றார், மிக மரியாதையான ஜேர்மனில். இரண்டு கிழமைக்கு ஒருதரம் என்பது சட்டம்; வருடத்துக்கு ஒருதரம் செய்து அரசனை ஏமாற்றியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

கிழவர் கோபப்படவில்லை. "அவர் ஐரிஷ்காரராகிவிட்டார்," என்றார், ஏட்டைப் பார்த்தபடி. "காணிப் பத்திரத்திலேயே இருக்கிறது. மனைவி ஐரிஷ். மூத்த மகன் ஐரிஷ் வீட்டில் வளர்ந்தவன். வாசிக்கத் தெரிந்தவன் யாரும் இங்கே வந்ததில்லை. மீசை மட்டும் வாசிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும்."

ஹரிஷா வெள்ளைத்தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் எழுதினார். முறைப்பாடு இல்லை என்று மனேஜருக்கு இரண்டு வரி. பிரதி, குடியுரிமைக் குழுத் தலைவருக்கு. எழுதிவிட்டுப் பேனையை மூடினார். அவள் தாளை எடுக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பேனையைத் திரும்பத் திறந்தார். மீசை ஏட்டோடு பிறந்தது என்றும், அதன்மேல் இருந்த பூச்சு தன்னுடைய கை என்றும் எழுதினார். அந்தப் புது வரி எழுத முதல் இரண்டு வரியைவிட நெடுநேரம் எடுத்தது.

அப்போதுதான் கதவடியில் சிவநேசன் நிற்பது தெரிந்தது. வேலைச்சட்டையை மாற்றிவிட்டு வந்திருந்தான். கடிதத்தில் இன்னொரு வரி சேர்க்கவேண்டும் என்றான்: பெட்டியைத் திறந்ததும், சந்தனம் வைத்ததும், ஈரத்துணியால் துடைத்ததும் தான்.

கனகரத்தினம் பதறிப்போனார். கடிதம் முடிந்தது, நாலு மணி ஆகிறது, வாயை மூடிக்கொண்டு போ என்பதை எல்லாம் ஒரே மூச்சில் தமிழில் சொன்னார். கிழவரிடம் ஜேர்மனில், ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

"இல்லை அத்தான்," என்றான் சிவநேசன். "நாளைக்கு அவையள் எல்லாம் உண்மையோ எண்டு கேப்பினம். நான் ஓம் எண்டு சொல்லவேணும்."

பிறகு அதையே ஹெர் டி மார்விலுக்கு ஜேர்மனில் சொன்னான். பிழை இல்லாத ஜேர்மன். கிழவர் அவனை நெடுநேரம் பார்த்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று கனகரத்தினத்துக்குத் தோன்றியது. பிறகு அந்த வரியையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். மணி நாலுக்கு மூன்று நிமிடம்.

*

வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஓர்லிகோன் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. கனகரத்தினம் சிவநேசனை ஸ்பீக்கரில் போட்டார். ஏரிகளைக் கேட்டார்களாம், மாநிலங்களைக் கேட்டார்களாம், ஊர்ச்சபைக் கூட்டம் எப்போது என்று கேட்டார்களாம். கடிதத்தை வாசித்துவிட்டு அது உண்மையா என்றும் கேட்டார்களாம். ஓம் என்றானாம். பத்து நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து பேரும் சரி. இனி மாநிலம், தலைநகர் பேர்ண் என்று படிகள் உண்டு, ஆனால் ஊர் தாண்டியாயிற்று. பின்னால் அவன் மனைவி சிவமலர் அழுவதும் மகள் அதட்டுவதும் கேட்டது.

"உவர் டி மார்வில் உன்னை என்ன கேட்டவர்?" என்றார் கனகரத்தினம்.

"ஒரு கேள்விதான். பழைய சாமானை என்னண்டு துடைக்கவேணும் எண்டு கேட்டவர். காய்ஞ்ச தூரிகையால தூசியை மட்டும் தட்டவேணும், இல்லாட்டில் தொடாமல் விடவேணும் எண்டு சொன்னனான்."

"அதுக்கு?"

"தலையை ஆட்டினவர். பிறகு, நானும் இனி அப்பிடித்தான் எண்டவர்."